கொடியக்கா நிறுத்திய நெடுஞ்சாலை

கொடியக்காவுக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். சொல்கிறவர்கள் ஒரே ஒரு நாள் அவள் நின்ற இடத்தில் போய் நின்று பார்க்க வேண்டும். முன்னால் நிற்கிற லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்க மாட்டான். அவனுக்குப் பின்னால் இருக்கிற கார்க்காரர் கண்ணாடியை ஒரு விரல் அகலத்துக்கு இறக்கி, "ஏம்மா, நீ என்ன பெரிய ஆபீசரா, எங்களை நிறுத்தி வைக்க?" என்பார். தலைக்கு மேல் வெயில், காலுக்குக் கீழே தார், வாயிலும் மூக்கிலும் பாறைத் தூள். இத்தனைக்கும் நடுவில் ஒருத்தி கோபமே வராமல் நின்றால் அவள் மனுஷியாக இருக்க முடியாது. பக்கத்தில் நட்டு வைத்திருக்கிற எச்சரிக்கைப் பலகையாகத்தான் இருக்க வேண்டும்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கு ஒன்று உண்டு. நெடுஞ்சாலையை அகலப்படுத்தக் கம்பெனி வந்த பிறகு அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் கைக்கு வந்த அன்றே கொடியக்கா ஆகிவிட்டாள். அவளைவிட வயதில் மூத்த டிரைவர்களுக்கும் அவள் அக்காதான். கம்பெனி கொடுத்த ஆரஞ்சு நிற மேல்சட்டை ஏதோ ஆறடி ஆளுக்குத் தைத்தது, அவளுக்கு முழங்கால் வரை தொங்கியது. குரலுக்கு மட்டும் எந்தக் குறையும் கிடையாது. "நில்லு" என்று ஒரு சத்தம் போட்டால் வண்டியும் நிற்கும், வண்டிக்குள் அழுகிற குழந்தையும் வாயை மூடும்.

வேலை இதுதான். மலையை வெட்டிச் சாலையை அகலமாக்குகிற இடத்தில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஈரம் காயாத கான்கிரீட். நடுவில் ஒரு வண்டி மட்டும் நுழைகிற வழி. கீழ்முனையில் கொடியக்கா நிற்பாள், மேல்முனையில் மீசைக்காரர் நிற்பார். இடையில் மலை வளைந்து போவதால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. செல்போன் சிக்னல் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கம்பெனி கொடுத்த வாக்கிடாக்கி முதல் மழையிலேயே உயிரை விட்டது, அதற்கு மாற்று வரும் வரும் என்று சொல்லியே காலத்தை ஓட்டினார்கள்.

அதனால் எல்லாம் ஒரு கட்டையை நம்பித்தான் நடந்தது. முழங்கை நீளம், பாதி சிவப்பு, பாதி வெள்ளை. கட்டை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வண்டி விடலாம். தன் பக்கத்து வண்டிகளை விட்டு முடித்ததும் கடைசி வண்டிக்காரன் கையில் கட்டையைக் கொடுத்தனுப்புவார்கள். அவன் மறுமுனையில் அதை ஒப்படைப்பான். கட்டை வந்துவிட்டால் வழி காலி என்று அர்த்தம். வேலை ஆரம்பித்த புதிதில் வெறும் கொடியை நம்பி வண்டி விட்டதில் ஒரு டேங்கரும் ஒரு வேனும் வளைவில் மோதிக்கொண்டன. வேன்காரனை வெளியே எடுத்தவர்களில் மீசைக்காரரும் ஒருவர். அன்றிலிருந்து கட்டை வராமல் கடவுளே வந்து நின்றாலும் அவர் விட மாட்டார்.

இந்த வேலைக்குக் கொடியக்கா ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. அவள் புருஷன் அதே சாலையில் லாரி ஓட்டியவர். சாலை என்று அப்போது மரியாதைக்குச் சொன்னார்கள். பள்ளத்துக்கு நடுவில் அங்கங்கே கொஞ்சம் தார் இருக்கும். மழை பெய்தால் மண் சரிந்து அதுவும் இருக்காது. அந்தச் சாலையில் வருஷக்கணக்காக முதுகு ஒடிய ஓட்டியவருக்குக் கடைசியில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டவுன் ஆஸ்பத்திரியில் மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணினால்தான் உயிர் தங்கும் என்றார்கள். டவுனுக்குப் போக அரை நாள், மிஷினில் அரை நாள், திரும்பி வருவதற்குள் மனுஷர் கந்தலாகிவிடுவார்.

ஊர் மலைமேல் இருக்கிறது. அங்கிருந்து இறங்குகிற வண்டிப்பாதை நெடுஞ்சாலையைத் தொடுகிற இடத்துக்கு இறக்கம் என்று பேர். பஸ் அங்கேதான் நிற்கும். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார், மேலிருந்து ஆள் இறங்கி வருகிற வரை பொறுத்திருப்பார். ஊருக்கு வெளியுலகம் என்று ஒன்று உண்டென்றால் அது இறக்கத்தில்தான் ஆரம்பித்தது. வேறு வழி கிடையாது.

ஆகவே நெடுஞ்சாலையைப் பெரிதாக்கப் போகிறோம் என்று அதிகாரிகள் கூட்டம் போட்டபோது முதலில் கை தூக்கியவள் கொடியக்காதான். ஒரு கையா தூக்கினாள், இரண்டு கையையும் தூக்கினாள். சுவரில் கலர் கலராக வரைபடம் விழுந்தது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் சிவப்புப் புள்ளி விளக்கால் காட்டிக் காட்டிப் பேசினார். ஒதுங்கிக் கிடக்கிற ஊர்களை எல்லாம் இணைக்கப் போகிறதாம். டவுனுக்கு ஒரு மணி நேரம்தானாம். சிவப்புப் புள்ளி இறக்கத்தின் மேல் வந்து நின்றது. "இந்த இடத்துல உங்க ஊருக்கு ஒரு திறப்பு. பஸ் நிக்க தனி இடம். மழைக்கு ஒதுங்க நிழற்குடை." கொடியக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, "என்னங்க, ஒரு மணி நேரம்தானாம்!" என்று அவள் சொன்ன வேகத்தைப் பார்த்து, "மெதுவா சொல்லு மேடம், அதுக்குள்ள டவுனே வந்துடப் போகுது" என்றார் புருஷன். அவளைச் சீண்டும்போதெல்லாம் அவருக்கு அவள் மேடம்தான்.

அவள் கொடி பிடிக்க வந்ததும் அந்தச் சந்தோஷத்தில்தான். நம் சாலை, நாம் நிற்போம் என்று நினைத்தாள். இப்படி நினைக்கிறவர்கள் தலையில்தான் இந்த உலகம் மிளகாய் அரைக்கிறது.

வேலை முடிகிற நேரத்தில் முதலில் வந்தது ஒரு பலகை. வீட்டுக் கூரை அளவு பெரிது. பல் தெரியச் சிரிக்கிற ஒரு குழந்தையின் படம் போட்டு, "தொலைதூரப் பகுதிகளை இணைக்கும் வளர்ச்சிப் பாதை" என்று எழுதியிருந்தது. அதைத் தாங்குகிற இரண்டு இரும்புத் தூண்களில் ஒன்றை இறக்கத்தின் பாதி வழியை அடைத்து நட்டார்கள். எங்கே இணைக்கப் போகிறார்களோ அங்கேயே வழியை அடைத்து அதை எழுதி வைக்க ஒரு தைரியம் வேண்டும். "இன்னும் ஒரு முழம் தள்ளி நடக் கூடாதா?" என்று கொடியக்கா கேட்டதற்கு, பலகை நட வந்தவர்கள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில் சூப்பர்வைசர் வந்தான். வெளியூர்ப் பையன், நல்லவன், கெட்ட சேதி சொல்லத் தெரியாதவன். வந்து நின்று கையைப் பிசைந்தான்.

"அக்கா, இன்னிக்கு ரெண்டு பக்கமும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கணும். கிரேன் வருது."

"எதுக்கு?"

"தடுப்புச் சுவர் கல்லு இறக்கணும்."

"எல்லாப் பக்கமும்தான் சுவர் வச்சாச்சே. இன்னும் எங்க?"

அவன் கண் இறக்கத்தின் பக்கம் போய்விட்டுத் திரும்பியது.

கொடியக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் காதெல்லாம் சூடாகிவிட்டது. "டேய், அது எங்க ஊர் வழிடா" என்றாள். அவனை அதற்கு முன் அவள் டா போட்டதில்லை.

"டிசைன் மாறிடுச்சுக்கா. வேகமா போற ரோட்டுல நடுவுல திறப்பு இருந்தா ஆக்சிடென்ட் ஆகுமாம். அடுத்த திறப்பு கல்குவாரிகிட்ட."

"குவாரி லாரி உள்ள வந்தா ஆக்சிடென்ட் ஆகாதா? எங்க ஊர் ஆளு நடந்து வந்தா மட்டும் ஆகுமா?"

குவாரி எந்தப் பெரிய மனுஷருடையது என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். குவாரி வரை சாலையோரமாக நடந்தால் திடமான ஆளுக்கே மூச்சு வாங்கும். மிஷினில் படுத்து எழுந்து வருகிற மனுஷர் எப்படி நடப்பார்? வழியை மூடினால் பஸ் இல்லை, பஸ் இல்லையென்றால் ஆஸ்பத்திரி இல்லை. அதற்கு மேல் யோசிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவள் வயிறு எரிந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்தச் சுவரை எழுப்ப வண்டிகளை நிறுத்திக் கொடுக்க வேண்டியவளும் அவள்தான். தன் வாசலைத் தானே பூட்டச் சொல்லிக் கையில் கொடியையும் கொடுத்திருக்கிறார்கள். என்ன ஒரு கொழுப்பு!

அந்த நேரம் மேல்முனையிலிருந்து வண்டிகள் வந்து முடிந்தன. கடைசியாக வந்த பால் வண்டிக்காரன் கட்டையைக் கொடுத்துவிட்டுப் போனான். அவள் பக்கம் லாரிகளும் பஸ்களும் வரிசை கட்டி நின்றன. வரிசைக்கு முன்னால் கிரேன். கொடியக்கா கட்டையை வாங்கி மேல்சட்டைக்குள் செருகிக்கொண்டாள். சிவப்புக் கொடியை நீட்டிப் பிடித்தாள். கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவின் மேல் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"அக்கா, கிரேனை விடுங்க."

"கட்டை என்கிட்ட இருக்கு. நான் விடல."

கிரேன்காரனைப் பார்த்துச் சூப்பர்வைசர் கத்தினான். கிரேன்காரன் இன்ஜினை அணைத்துவிட்டு, "அக்கா சொல்லாம நான் எடுக்க மாட்டேன் சார். டேங்கர் கதை எனக்கும் தெரியும்" என்றான். ஹாரன்கள் ஒன்றுசேர்ந்து அலறின. ஒரு பஸ் டிரைவர் இறங்கி வந்து சண்டைக்கு நின்றவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்படியா சங்கதி?" என்று திரும்பிப்போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார். இறக்கத்தில் இரண்டு தடவை ஹாரன் அடிக்கிற டிரைவர்தான் அவர்.

சூப்பர்வைசர் கெஞ்சினான். பெரிய சார் மேல்முனையிலிருந்து வருகிறாராம். திறப்பு விழாவுக்கு முன்னால் கடைசியாகப் பார்வையிட வருகிற பெரிய இன்ஜினியர். அவர் வரும்போது வண்டிகள் இப்படி நின்றால் தன் வேலை போய்விடும் என்றான். அவன் கண்ணில் தண்ணீர் தளும்பியது. கொடியக்காவுக்கு அவன் மேல் கோபம் இல்லை. ஆனால் அவனை விட்டால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

"கிரேனைத் திருப்பி அனுப்பு. என் கண்ணு முன்னாடி போகணும். அப்புறம் விடறேன்."

ரொம்ப நேரம் கழித்து அவன் தலையில் அடித்துக்கொண்டு கிரேனைத் திருப்பச் சொன்னான். அது பின்னால் போய், திரும்பி, கண்ணுக்கு மறைகிற வரை பார்த்திருந்துவிட்டுத்தான் அவள் எழுந்தாள். பச்சைக் கொடியைக் காட்டினாள். வரிசை முழுக்க உறுமிக்கொண்டு கிளம்பியது. கடைசி லாரிக்காரன் கையில் கட்டையைக் கொடுத்தாள். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றிய நிமிஷம் அதுதான்.

மேல்முனையில் நடந்தது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. பெரிய சாரின் கார்கள் வந்து நின்றிருக்கின்றன. மீசைக்காரர் கொடியை இறக்கவில்லை.

"யாருன்னு தெரியுமா?" என்று கூட வந்த உதவி இன்ஜினியர் எகிறியிருக்கிறான்.

"தெரியும் சார். கட்டை வரல."

"எவ்வளவு நேரம்?"

"கட்டை வர்ற வரைக்கும்."

உதவி இன்ஜினியருக்கு மூளை வேகமாக வேலை செய்தது. ஒரு கட்டைக்காகவா இவ்வளவு? சாலையோரம் உடைந்து கிடந்த மர அளவுகோலை முழங்கை நீளத்துக்கு ஒடித்தான். கோடு போடுகிற ஆளிடமிருந்து பெயின்ட் வாங்கிப் பாதி சிவப்பு, பாதி வெள்ளை அடித்தான். அதை மீசைக்காரர் கையில் வைத்து, "இந்தா, கட்டை" என்றான். மீசைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கையெல்லாம் பெயின்ட் ஒட்டியது. பிறகு பச்சைக் கொடியைக் காட்டிவிட்டார். பின்னாளில் எத்தனை பேர் கேட்டும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான். "கட்டை இருந்தா விடணும், இல்லன்னா விடக்கூடாதுன்னாங்க. எந்தக் கட்டைன்னு எனக்கு யாரும் சொல்லலையே." அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. கட்டையை நம்பித்தான் அவர் தூங்கினார், எழுந்தார். ஒரு மனுஷன் உயிரைக் கொடுத்து நம்புகிற பொருளைப் போலியாகச் செய்து கையில் திணித்தவனைத்தான் கேட்க வேண்டும். அவனை இதுவரை யாரும் கேட்கவில்லை.

நல்லவேளை, யாரும் வேகமாக வரவில்லை. பெரிய சாரின் காரும் சிமென்ட் ஏற்றிய ஒரு லாரியும் வளைவில் மூக்கோடு மூக்கு வந்து நின்றன, சரியாக இறக்கத்துக்கு எதிரில். கார்களுக்குப் பின்னால் மேல்முனை வரிசை, லாரிக்குப் பின்னால் கீழ்முனை வரிசை. திரும்ப இடமில்லை. பின்னால் எடுக்கலாம் என்றால் ஒரு சக்கரம் ஈரக் கான்கிரீட்டில் இறங்கும். ஒவ்வொரு வண்டியாகக் கடைசியிலிருந்து பின்னுக்கு எடுத்தால்தான் வழி பிறக்கும். அதற்கு மத்தியானம் தாண்டிவிடும் என்று டிரைவர்கள் கணக்குச் சொன்னார்கள்.

கொடியக்கா ஓடி வந்து பார்த்தபோது உதவி இன்ஜினியர் அங்குமிங்கும் அலைந்துகொண்டிருந்தான். பெரிய சார் காரில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார், முகம் வெளுத்திருந்தது. சர்க்கரை வியாதிக்காரர்.

"அம்மா, இங்க பாத்ரூம் எங்க இருக்கு?" என்றான் உதவி இன்ஜினியர்.

இதே கேள்வியைத்தான் அவள் கம்பெனியிடம் வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷ வேலையில் கொடி பிடிக்கிற பெண்ணுக்கு ஒரு தகரத் தடுப்புக்கூடக் கட்டிக் கொடுக்காத கூட்டம் இது. நறுக்கென்று நாலு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

"எங்க வீட்டுல இருக்கு. மேல ஏறணும், வாங்க" என்றாள்.

பலகைத் தூணுக்கும் பாறைக்கும் நடுவில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு பெரிய சார் இறக்கத்துக்குள் நுழைந்தார். பாதையில் முதல் வீடு கொடியக்காவுடையதுதான். இரண்டு அறை, பின்னால் கழிப்பறை. அவள் புருஷன் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கோடு போட்ட டம்ளரில் அன்றைக்கு அவர் குடிக்க டாக்டர் அனுமதித்த தண்ணீர். பெரிய சார் அவசரத்தில் வணக்கம்கூடச் சொல்லாமல் உள்ளே ஓடினார். திரும்பி வந்து முகத்தைத் துடைத்தபோதுதான் புருஷன் வாயைத் திறந்தார்.

"கொடுத்து வச்சவர் சார் நீங்க. எனக்கு அந்த வேலையே நின்னு போச்சு. எல்லாத்தையும் மிஷின்தான் எடுக்குது."

பெரிய சாருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. உட்கார்ந்தார். புருஷன் விளக்கமாகச் சொன்னார். வாரத்தில் மூன்று நாள், இறக்கம், பஸ், ஹாரன், எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கடைசியில் மட்டும் குரல் இறங்கியது. "இந்த வழிய மூடிட்டா சார், நான் வீட்டுக்குள்ளயே கண்ண மூடிக்க வேண்டியதுதான்."

பெரிய சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இல்லைங்க. இந்த இடத்துல ஒரு வழி இருந்தே ஆகணும். நானே இன்னிக்கு மாட்டிக்கிட்டேன் இல்ல? இன்னிக்கே உத்தரவு போடறேன்" என்றார்.

அந்த மனுஷரைப் போய்க் காலையிலிருந்து மனசுக்குள் கண்டபடி திட்டினோமே என்று கொடியக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. கீழே இறங்கும்போது அவர் கால் இடறாமல் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். சாயங்காலம் ஊரே அவள் வீட்டு வாசலில் கூடி விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டது. அவளும் அலுக்காமல் சொன்னாள்.

உத்தரவு வந்தது. சுவர்க் கல் இறக்கியபோது இறக்கத்தில் ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டார்கள். பலகைத் தூணைக்கூடத் தள்ளி நட்டார்கள். கொடியக்கா அன்றைக்குக் கொடி பிடித்த அழகே தனி. பிறகு ஒரு நாள் வெல்டர் வந்தான். இடைவெளியில் நெஞ்சு உயரத்துக்கு இரும்புக் கதவு ஒன்றைப் பொருத்தி மஞ்சள் பெயின்ட் அடித்தான். அதன் மேல் ஒரு தகடு: "அவசரகால வெளியேறும் வழி. பொதுமக்கள் பயன்படுத்தக் கூடாது." கடைசியாக முஷ்டி பருமனில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டான்.

"சாவி?" என்றாள் கொடியக்கா.

"டோல்கேட் ஆபீஸ்ல இருக்குமாம்" என்றான் வெல்டர். டோல்கேட் குவாரியையும் தாண்டி இருந்தது.

சூப்பர்வைசரைப் பிடித்து உலுக்கினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு விளக்கினான். வண்டிகள் மாட்டிக்கொண்டால் உள்ளே இருக்கிறவர்கள் வெளியேற ஒரு வழி வேண்டும் என்று பெரிய சார் எழுதியிருக்கிறாராம். "அவர் சொன்ன மாதிரியே வழி வச்சாச்சுக்கா." ஆமாம், அவர் வாக்குத் தவறவில்லை. அந்த வீட்டில் அவர் உட்கார்ந்து கேட்டதில் அவர் நெஞ்சில் நின்றது அவருடைய அவஸ்தை மட்டும்தான். எதிரில் இருந்த மனுஷருடைய உயிர் அவருக்கு ஞாபகம் இல்லை. சாலையில் போகிறவர்கள் இறங்கி ஓட வழி வேண்டும், சாலையோரம் வாழ்கிறவர்கள் சாலைக்கு வர வழி வேண்டாம். இதற்குப் பெயர் வளர்ச்சியாம்.

திறப்பு விழா தடபுடலாக நடந்தது. மூலைமுடுக்கெல்லாம் இனி பக்கம்தான் என்று மேடையில் பேசினார்கள். ஊர்க்காரர்கள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டார்கள். அதோடு கொடியக்காவின் வேலையும் முடிந்தது. கொடிகளையும் மேல்சட்டையையும் கம்பெனி திருப்பி வாங்கிக்கொண்டது.

டோல்கேட் ஆபீசுக்கு அவள் நடந்தே போனாள். கதவைத் திறக்க வேண்டுமானால் முதல் நாளே சொல்ல வேண்டும், ஆள் அனுப்புவோம் என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் பஸ் வந்து இரண்டு தடவை ஹாரன் அடித்தது. ஆள் வரவில்லை. இனிமேல் அந்த இடத்தில் நிறுத்தவே கூடாது என்று டிரைவருக்கும் உத்தரவு. இருந்தும் நிறுத்தினார். இறங்கியும் வந்தார். அவரும் பக்கத்து வீட்டுக்காரரும் புருஷனை மூட்டை மாதிரித் தூக்கிச் சுவருக்கு மேலே கடத்தினார்கள். அதில் அவர் ஒரு கை சுவரில் மாட்டிக்கொண்டது. மிஷின் ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்து வைத்திருந்த கை அது. அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது, அடி படக் கூடாது, கடிகாரம்கூடக் கட்டக் கூடாது. அது கான்கிரீட்டில் உரசித் தோல் வழன்று ரத்தம் கொட்டியது. "ஒண்ணுமில்ல மேடம், ரத்தத்தை எடுக்கத்தானே போறோம்" என்று அவர் சொன்ன ஜோக்குக்கு அன்று யாரும் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ், "இந்தக் கையப் போய் இப்படிப் பண்ணிட்டு வந்திருக்கீங்களே, இது கெட்டுப்போனா எங்கம்மா ஊசி போடுறது?" என்று அவளைத்தான் திட்டினாள். கொடியக்கா எதுவும் பேசாமல் வாங்கிக்கொண்டாள். அவள் பேசாமல் இருந்ததை அவள் புருஷனே அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது அவள் யாரிடமும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. புருஷனைக் கையைப் பிடித்து மெதுவாக இறக்கிக் கூட்டி வந்தாள். மறு கையில் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிய சம்மட்டி. நல்ல வெளிச்சம், பஸ் வருகிற நேரம். புருஷனை ஒரு ஓரமாக நிற்க வைத்துவிட்டுப் பூட்டின் மேல் ஓங்கி ஒன்று போட்டாள். சாலையில் ரோந்து வந்த ஜீப் ஓரம் கட்டி நின்றது. இரண்டாவது அடியில் பூட்டு தொங்கியது, மூன்றாவதில் விழுந்தது. ஜீப்பிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். வயதானவர், கெட்டவராகத் தெரியவில்லை.

"என்னம்மா பண்றீங்க? இது அரசாங்கச் சொத்து. கேஸ் ஆயிடும்."

"ஆகட்டும்."

"ஆகட்டும்னா? கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும்மா."

"கோர்ட் எங்க இருக்கு?"

"டவுன்லதான்."

"அப்ப அதுக்கும் நான் இந்த வழியாத்தானே வந்தாகணும்?" என்றாள் கொடியக்கா. "எத்தன பூட்டு வேணாலும் போடுங்க. உங்களுக்கு வாரத்துல மூணு பூட்டு செலவாகும், அவ்வளவுதான்."

அவர் வளைவுப் பக்கம் பார்த்தார். பஸ் ஹாரன் இரண்டு தடவை கேட்டது. கொடியக்கா கதவை அகலத் திறந்து புருஷனை முன்னால் விட்டாள். அடுத்த தடவை எடுக்க வசதியாகச் சம்மட்டியைச் சுவர் ஓரம் சாத்தி வைத்துவிட்டு, அவர் பின்னாலேயே பஸ்ஸில் ஏறினாள்.